வந்த வண்டியும் வராத வண்டியும்

“7.50 வரவில்லை. 8.10 வந்தது. அரசரடி வரை படியில் நின்றேன். பிறகு உள்ளே இடம் கிடைத்தது. மழை இல்லை.”

1979 ஆகஸ்ட் 14-ஆம் தேதியைப் பற்றி அண்ணன் எழுதிவைத்தது இவ்வளவுதான். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. மதுரை காளவாசலில் தேனி ரோட்டைப் பார்த்த வீட்டில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒன்றாகக் குடியிருந்த காலம் அது. அவருக்குப் பள்ளிக்கூடம் டவுனுக்குள். தினமும் பஸ். அந்தப் பயணங்களை 1979-இல் தொடங்கி 1982 வரை எழுதிவைத்திருக்கிறார். சென்ற ஆண்டு வீட்டை மாற்றியபோது டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த டைரிகளை எடுத்து என்னிடம் நீட்டினார். “படிக்கிறதுன்னா படி. இல்லேன்னா பேப்பர்காரன்கிட்டப் போட்டுரு.”

படித்தேன். திரும்பவும் படித்தேன். தமிழில் தன்வரலாறும் நாட்குறிப்பும் தேடித்தேடிப் படிக்கிறவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நாட்குறிப்பு என்கிற கலையை முழுதாக அறிந்த ஒருவரின் கை இந்த டைரிகளில் இருக்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பதினான்கு வயதில் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

டைரி என்றதும் கடையில் வாங்கிய புது டைரி என்று நினைத்துவிட வேண்டாம். உரக்கடை, அச்சகம், நூல் வியாபாரி என்று யாராவது பெரியப்பாவுக்கு ஜனவரியில் ஒரு டைரி கொடுப்பார்கள். பெரியப்பா அதில் கணக்கு எழுத மாட்டார். அது பீரோவில் ஓராண்டு கிடந்துவிட்டு, அடுத்த ஆண்டு அண்ணன் கைக்கு வரும். ஆகவே 1979-ஆம் ஆண்டின் கதை 1978-ஆம் ஆண்டின் டைரியில் இருக்கிறது. தேதி பொருந்தும், கிழமை பொருந்தாது. ஆகஸ்ட் 14-க்கு ‘திங்கள்’ என்று அச்சடித்திருக்கும். அண்ணன் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் ‘செவ்வாய்’ என்று எழுதியிருக்கிறார். ஒருநாள்கூட விடவில்லை. விடுமுறை நாளில், வேறு ஒரு வரியும் எழுதாத நாளில்கூட, கிழமை மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வருகிறது. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அது என்ன கிழமை என்பதாவது சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்த பையன்.

1980-இல் இன்னொரு சிக்கல். அது லீப் ஆண்டு. கையில் இருந்ததோ 1979 டைரி. அதில் பிப்ரவரி 28-க்கு அடுத்த பக்கம் மார்ச் 1. இருபத்தொன்பதாம் தேதிக்குப் பக்கமே இல்லை. அண்ணன் 28-ஆம் தேதிப் பக்கத்தின் அடியில், ராகு காலம் அச்சடித்திருக்கும் வரிக்கும் விளிம்புக்கும் நடுவில் இருந்த விரற்கடை இடத்தில், “29 வெள்ளி. பஸ் சரி. கணக்குப் பரீட்சை பேப்பர் கொடுத்தார்கள்” என்று நெருக்கி எழுதியிருக்கிறார். இங்க் அடுத்த பக்கத்துக்கும் இறங்கியிருக்கிறது. மார்ச் பிறந்ததும் கிழமை ஒன்று தள்ளியிருந்தது இரண்டாகத் தள்ளிவிட்டது. மார்ச் முதல் தேதியில் அவர் ‘வியாழன்’ என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, பழைய பழக்கத்தில் ‘வெள்ளி’ என்று எழுதி, அதையும் அடித்து, ‘சனி’ என்று எழுதியிருக்கிறார். பிறகு டிசம்பர் வரை தடுமாற்றம் இல்லை.

இனி அந்த ஐந்து வாக்கியங்களுக்கு வருகிறேன். அவற்றில் ‘நான்’ இல்லை. ‘நின்றேன்’ என்பதன் கடைசி எழுத்துகளுக்குள் ஆள் ஒளிந்துகொள்கிறான். தமிழில் வினைமுற்று போதும், எழுவாய் வேண்டாம் என்கிற வசதியை இவ்வளவு இயல்பாகப் பயன்படுத்தும் எழுத்து கட்டுரைகளில் அபூர்வம். நாம் எழுத உட்கார்ந்ததும் முதல் வேலையாக ‘நான்’ என்று எழுதிவிடுகிறோம். அண்ணனின் டைரியில் முதலில் வருவது பஸ்தான். பஸ் வந்த பிறகே ஆள் வருகிறான். அதுவும் படியில் நிற்கிறவனாக வருகிறான்.

அடுத்து, இடமும் நேரமும். ‘கொஞ்ச நேரம் படியில் நின்றேன்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அவர் ‘அரசரடி வரை’ என்கிறார். காளவாசலிலிருந்து அரசரடி எவ்வளவு தூரம் என்று தெரிந்தவனுக்கு, படியில் தொங்கிய கையின் வலிகூட அதிலேயே தெரியும். தெரியாதவனுக்கும் அது ஒரு ஊர்ப்பெயராக நின்றுகொண்டிருக்கும், பொய் சொல்லாது.

என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது கடைசி வாக்கியம். மழை பெய்தது என்று எழுதுவதற்குக் காரணம் வேண்டாம். மழை இல்லை என்று ஏன் ஒரு பையன் எழுதுவான்? அண்ணனிடமே கேட்டேன்.

“ஏண்ணே, மழை இல்லைன்னு எதுக்கு எழுதுனீங்க?”

கண்ணாடியைப் போட்டுப் பக்கத்தைப் பார்த்தார். “குடை கொண்டுபோயிருப்பேன்டா. அம்மா குடுத்துவிட்டிருக்கும். அந்தக் கூட்டத்துல குடையையும் பிடிச்சுக்கிட்டுப் படியில நின்னா எப்படி இருந்திருக்கும்?”

குடையைப் பற்றி டைரியில் ஒரு சொல்லும் இல்லை. பெரியம்மாவைப் பற்றியும் இல்லை. மூட்டமான வானத்தைப் பற்றியும் இல்லை. ‘மழை இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்குள் அவை எல்லாமே இருக்கின்றன. சலிப்பாக இருந்தது என்றோ, அம்மாமேல் கோபம் வந்தது என்றோ எழுதியிருந்தால் இன்றைக்கு அந்தக் குடை எனக்குக் கிடைத்திருக்காது. பையனுக்குக் கோபம் வந்தது என்கிற செய்தி மட்டும் கிடைத்திருக்கும். அது எல்லாப் பையன்களுக்கும் வருவது.

நாட்குறிப்பின் முதல் பாடம் இதுதான் என்பது என் தீர்மானம். உணர்ச்சியை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த உணர்ச்சி எந்த நேரத்தில், எந்த நிறுத்தத்தில், எந்தப் பொருளைக் கையில் பிடித்திருந்தபோது வந்தது என்பதை எழுதிவிட்டால் போதும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல அவற்றை மட்டும் சரியான இடத்தில் வைத்துவிட்டால், இழையைப் படிப்பவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்லாமல் போக முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்தவர். 1736 செப்டம்பர் 6-இல் தொடங்கி 1761 ஜனவரியில் சாகிறவரைக்கும் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். பார்த்ததையும் கேட்டதையும், கப்பல்கள் வந்ததையும் போனதையும் எழுதப்போவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறார். கப்பல் வந்தால் அது வந்தது எத்தனை நாழிகைக்கு, அதற்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், அதில் வந்த சரக்கு என்ன, வராத கடிதம் எது என்று எழுதிக்கொண்டே போகிறார். தூப்ளேக்ஸ், சென்னைப்பட்டணம் பிடிபட்டது, மராட்டியப் படை என்று வரலாற்றாசிரியர்கள் தேடுவதெல்லாம் அந்தக் கப்பல்களுக்கு நடுவேதான் வருகின்றன. 1846-இல் அது கண்டெடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக மொழிபெயர்ப்பு வந்தது. பெரிய செய்திகளுக்காக அதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கப்பல்களுக்காகவே படிக்கிறேன். அடுத்த கப்பல் எப்போது வரும், எதைக் கொண்டுவரும் என்று தெரியாமல் ஒரு மனிதன் கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் உள்ள பதற்றம் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது 1761 ஜனவரி 16-இல். பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்னால், 12-ஆம் தேதி, இறந்துபோனார். முற்றுகை எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும். எழுதியவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவருடைய ஒவ்வொரு வரியையும் இன்றைக்கும் நிமிர்த்தி வைத்திருக்கிறது.

தன்வரலாறு வேறு ஜாதி. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல், தம் எண்பத்தைந்தாவது வயதை ஒட்டி. கும்பகோணத்தில் ஒரு முன்சீப் கேட்ட ஒரு கேள்வி தம் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று தெரிந்த பிறகு எழுதியது அது. ஆகவே அதில் எது முக்கியம், எது இல்லை என்பது முன்பே பிரிந்துவிட்டது. அதன் அழகு அந்தப் பிரிப்பில் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. இன்றைக்கு 7.50 வராததற்கும், இன்றைக்குப் பார்த்த ஒரு முகத்துக்கும் எது பின்னால் பெரிதாகும் என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் ஒரே குரலில் எழுதுகிறான். நல்ல நாட்குறிப்பாளன் அந்தக் குரலை உயர்த்துவதில்லை.

உயர்த்தச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. தமிழ்ப் பாடத்தில் ‘ஒருநாள் நாட்குறிப்பு எழுதுக’ என்று பயிற்சி வரும். காலை ஐந்து மணிக்கு எழுந்தேன், இறைவனைத் தொழுதேன், பெற்றோரை வணங்கினேன், பாடங்களைப் படித்தேன் என்று முடியும். எந்த ஊரில், எந்தத் தெருவில் நடந்தது என்றே தெரியாத ஒரு நாள். அதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைக்கும். பிள்ளைகள் அன்றாடத்தை எழுதுவதற்குக் கூச்சப்படும்படி ஆக்குவது அந்த எட்டு மதிப்பெண்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அண்ணனின் டைரியை எந்த ஆசிரியரும் திருத்தவில்லை. அது நம் நல்ல காலம்.

அண்ணனின் பஸ் போன வழியைக் கொஞ்சம் சொல்கிறேன். இன்றைக்கு காளவாசல் சந்திப்பில் பைபாஸ் ரோட்டின்மேல் ஒரு பாலம் நிற்கிறது. 2020-இல் திறந்தார்கள். கீழே தேனி ரோட்டில் நின்றால் ஒலிபெருக்கி இல்லாமல் பேச முடியாது. டைரியில் வரும் காளவாசல் ஊரின் மேற்கு ஓரம். சந்திப்பைத் தாண்டினால் தென்னையும் வெட்டவெளியும். பஸ் ஸ்டாப் என்று எழுதிய பலகை கிடையாது. புளியமரத்து நிழலும் டீக்கடையும்தான் ஸ்டாப். டவுனுக்குள் போகிற பஸ் விராட்டிபத்துப் பக்கத்திலிருந்து ஏற்கெனவே நிறைந்து வரும். பிறகு அரசரடி, ஜெயில் ரோடு, ஹார்வி மில் மதில், ரயில்வே ஸ்டேஷன், வெளிவீதி. மதுரா மில்ஸ் 1974-இலேயே மதுரா கோட்ஸ் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் ஹார்வி மில் என்றல்லாமல் சொன்னதில்லை. அண்ணனுக்குக் கைக்கடிகாரம் இல்லை. பிறகு நேரத்தை நிமிஷக் கணக்கில் எப்படி எழுதினார்? மில் சங்கு ஒன்று. டீக்கடை ரேடியோவில் செய்தி ஒன்று. கண்டக்டர் கையில் கட்டியிருந்த கடிகாரம் ஒன்று. “சங்கு ஊதி ரொம்ப நேரம் கழித்து வந்தது” என்று சில நாள் இருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாத நாளாக இருக்க வேண்டும். தெரியாத நேரத்தை அவர் ஒருபோதும் தெரிந்ததுபோல எழுதவில்லை.

எங்கள் தாத்தா காலத்து ஆட்கள், டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திவைத்த கதையைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மதுரைக்காரர் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை அது. அண்ணனின் நேரப் பைத்தியத்துக்கு வேர் அந்தத் திண்ணையாக இருக்கலாம்.

போடி ரயிலுக்காக கேட் போடுவதும் அடிக்கடி வருகிறது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. 2010-ஆம் ஆண்டோடு நிறுத்தி, அகலப்படுத்தி, 2023 ஜூனில்தான் மறுபடி போடி வரை ரயில் போனது. டைரியில் அந்த ரயில் பயணிகளை ஏற்றிச்செல்லும் வாகனமாக வருவதே இல்லை. தாமதத்துக்கான ஒரு காரணமாக மட்டுமே வருகிறது: “கேட். போடி வண்டி. எண்ணினேன், ஏழு பெட்டி.” இன்னொரு நாள், “கேட். எண்ணவில்லை.” அந்த இரண்டாவது குறிப்பை எழுத எவ்வளவு நேர்மை வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எண்ணியிருப்பதாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

கூட்டமான பஸ்ஸில் ஏறும் பையன் முதலில் செய்வது பையை யாரிடமாவது கொடுப்பதுதான். உட்கார்ந்திருப்பவர் மடிகள் எல்லாம் பொது இடம். முகம் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். ஒரு மடியில் நான்கு பைகளும் ஒரு தூக்குவாளியும்கூட இருக்கும். இறங்கும் இடம் வந்ததும் தலைகளுக்கு மேலாகப் பை கைமாறி வந்துசேரும். அண்ணன் தன் பை யார் மடியில் போனது என்பதைப் பெரும்பாலான நாளில் எழுதிவைத்திருக்கிறார். “பை போலீஸ்காரர்.” “பை மில்காரர். நல்லாப் படிக்கணும் என்றார்.” “பை கொடுக்கவில்லை, மீன் கூடை.” கரிமேட்டு மீன் மார்க்கெட் அந்த வழியில்தான். பிறகு 1980 ஜூலையில் ஒரு நாள்: “பை பூக்காரம்மா. இங்கிலீஷ் நோட்டு எல்லாம் மல்லி.”

அதற்கு அடுத்த நாள்: “இன்னும் வாசம்.”

மூன்றாம் நாள் பஸ் நேரம் மட்டும் இருக்கிறது. வாசம் போய்விட்டது என்று எழுதவில்லை. எனக்கு இந்த மூன்று நாளும் சேர்ந்து ஒரு முழுப் படைப்பு. மதுரை மல்லியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இரண்டு நாள் ஒரு இங்கிலீஷ் நோட்டில் தங்கி, மூன்றாம் நாள் சொல்லாமல் போன மல்லியை நான் வேறெங்கும் படிக்கவில்லை.

இரவுக் குறிப்புகள் குறைவு. இருப்பவற்றில் ஒன்று: “பருத்திப்பால்காரர் வண்டியில் சாய்ந்து தூங்கினார். எழுப்பவில்லை. காசைத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.” வாங்கிவரச் சொல்லிப் பெரியம்மா கொடுத்த காசு. இதைப் படித்ததும் எனக்கு மதுரைக்காஞ்சி நினைவுக்கு வந்தது. மாங்குடி மருதனார் இந்த ஊரைப் பகலில் தொடங்கி, நாளங்காடி அல்லங்காடி எல்லாம் சுற்றி, இரவின் ஒவ்வொரு யாமமாகக் கொண்டுபோய் விடியலில் விடுகிறார். நடுவே அடையும் மோதகமும் விற்கிறவர்கள் உட்கார்ந்தபடியே உறங்குவதைப் பார்த்துவிடுகிறார். நெடுஞ்செழியனுக்கு நிலையாமை சொல்ல வந்த 782 அடிப் பாட்டில் அந்தத் தூக்கத்துக்கு இடம் இருக்கிறது. பெரிய கவியின் கண்ணும் பள்ளிக்கூடத்துப் பையனின் கண்ணும் ஒரே ஊரில், ஒரே மாதிரி ஆளின்மேல் நின்றிருக்கின்றன. அண்ணன் மதுரைக்காஞ்சி படித்தவர் அல்ல, படித்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்த நான்கு ஆண்டுகளில் ஊரிலும் உலகத்திலும் பெரிய விஷயங்கள் நடக்காமல் இல்லை. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்கூடம் விழப்போகிறது என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூலை 12 வியாழக்கிழமைக் குறிப்பு: “ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் உண்டு. 7.50 சரி.” 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் முழுதாக மறைந்தது, நமக்குப் பாதிக்கு மேல். “சனி. கிரகணம். அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னது. இடுக்கு வழியே பார்த்தேன். பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், ஒரு ஆள்.” சூரியனைப் பார்க்கக் கூடாது என்று சாத்திய ஜன்னலின் இடுக்கில் அவர் பார்த்தது பஸ்ஸை! அன்றைக்கு ஊர் எப்படி வெறிச்சோடிக் கிடந்தது என்பதற்கு அந்த மூன்று பேரைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியில் நின்றார், ஜெயித்தார், முதலமைச்சர் ஆனார். டைரியில்: “தேர்தல் கூட்டம். பஸ் இல்லை. அரசரடியிலிருந்து நடந்தோம். செருப்பு அறுந்தது.” 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது. இந்திரா காந்தி வந்தார். ஊர் முழுக்க வளைவுகளும் விளக்குகளும். அண்ணனும் பார்த்திருக்கிறார், வீட்டோடு போய் வந்ததாக எனக்கே ஞாபகம் இருக்கிறது. அவர் எழுதியது அந்த வாரம் பஸ் எந்தெந்த வீதி வழியாகச் சுற்றிப்போனது என்பதை. இன்றைக்கு அந்த மாநாட்டைப் பற்றி ஆராய்கிற ஒருவருக்கு மலர்களும் தீர்மானங்களும் நூலகத்தில் கிடைக்கும். பஸ் சுற்றிப்போன வழி வேறெங்கே கிடைக்கும்?

1980 நவம்பரில் எங்கள் அப்பத்தா இறந்தது. எனக்கு அப்போது நினைவு தெரிந்த வயது. அழுகையும் பந்தலும் சங்குச் சத்தமும் எனக்குள் கலங்கலாக இருக்கின்றன. அண்ணனைத் தூக்கி வளர்த்தது அப்பத்தாதான். பெரியம்மாவைவிட அவருக்கு அப்பத்தாதான் எல்லாம். அன்றைய பக்கத்தில் வழக்கம்போல் கிழமை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே:

“காலையில் அப்பத்தா இறந்துபோனது. பள்ளிக்கூடம் போகவில்லை. 7.50 சரியாக வந்தது.”

இதை நான் அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வீடு ரோட்டைப் பார்த்த வீடு. திண்ணையில் அவரை உட்காரவைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு அந்தப் பஸ் வந்து நின்று, ஏற வேண்டியவர்கள் ஏறி, போயிருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் அதைப் பார்த்திருக்கிறான். துக்கத்தை எழுதத் தெரிந்தவர்களின் பக்கங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். மூன்றாவது வாக்கியத்தை வைக்க வேண்டிய இடம் தெரிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

இப்படி எழுதுகிற கை ஒரே இடத்தில் நின்றுவிடவும் இல்லை. 1982-இல் பெரியப்பா ஒரு சைக்கிள் வாங்கிக்கொடுத்தார். அன்றிலிருந்து டைரியில் பஸ் இல்லை. நேரங்களும் அநேகமாக இல்லை. வேறு எழுத்து தொடங்குகிறது. அதுவரை ரோடு என்பது ஸ்டாப்புகளின் பெயர் மட்டுமே. இப்போது ரோட்டுக்கு உடம்பு வருகிறது. எங்கே ஜல்லி பெயர்ந்திருக்கிறது, மழைக்குப் பிறகு எந்தப் பள்ளம் ஆழம் தெரியாது, எந்த இடத்தில் எதிர்காற்று. “ஜெயில் ரோட்டில் காற்று. இறங்கித் தள்ளினேன்.” “பஞ்சர். 75 பைசா. ஒட்டுப் போட்டவர் என் வயசுதான்.” “வெயில். ஹார்வி மில் மதில் நிழலிலேயே ஓட்டினேன், ஓரமாக.” பஸ்ஸில் போனபோது நிழல் என்று ஒன்று டைரியில் வந்ததே இல்லை. வண்டி மாறியதும் பார்வை மாறியிருக்கிறது. அதற்கேற்ற சொற்களையும் அவர் தேடி எடுத்திருக்கிறார். இது தற்செயலாக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த ஆண்டு அக்டோபரோடு குறிப்புகள் நின்றுவிடுகின்றன. ப்ளஸ் டூ.

நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் 1980 என்பேன். கூடை, மல்லி, கிரகணம், அப்பத்தா எல்லாம் அதில் இருப்பதால் மட்டும் அல்ல. அந்த ஆண்டில்தான் ‘வழக்கம்போல்’ என்ற சொல்லை அவர் கைவிட்டார். 1979-இல் சலித்துப்போன நாட்களில் ‘வழக்கம்போல்’ என்று எழுதித் தாண்டிப் போயிருக்கிறார். 1980 தொடங்கியதும் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஒன்றும் நடக்காத நாளிலும் அந்த நாளுக்கே உரிய ஏதாவது ஒன்றைப் பிடித்துவிடுகிறார். ஒரு சட்டைப் பித்தான், ஒரு சில்லறைத் தகராறு, கண்டக்டர் காதில் செருகிய பென்சில். என்ன நடந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று டைரியில் இல்லை. அவருக்கும் இப்போது ஞாபகம் இல்லை.

ஆனால் யாராவது ஒரே ஒரு பக்கம் காட்டு என்றால் 1981-ஐத்தான் எடுப்பேன். அது 1980 டைரியில் எழுதியது. ஆகவே அதில் பிப்ரவரி 29-க்கு ஒரு பக்கம் உண்டு, அந்த நாளோ கிடையாது. முந்தின ஆண்டு விரற்கடை இடத்தில் ஒரு நாளை நெருக்கி வைத்தவருக்கு இந்த ஆண்டு ஒரு முழுப் பக்கம் மிச்சம். மேலே ‘இந்த வருஷம் இல்லை’ என்று எழுதி, கீழே அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார். பஸ் நேரங்கள். போக்குவரத்துக்காரர்கள் போட்ட அட்டவணை அல்ல, இரண்டு ஆண்டு நின்று பார்த்து அவரே போட்டது:

“7.50 – நம்பலாம்.
8.10 – படி.
8.25 – திங்கள் வராது.
8.40 – ஏறினால் பிரேயர் முடிந்திருக்கும்.
சாயங்காலம் 4.20 – மில் ஆட்கள், ஏற முடியாது.
4.50 – உட்காரலாம்.
5.30 – ஜன்னல்.
9.15 (ராத்திரி) – தெரியாது. ஏறியதில்லை.”